பாலும் நீரும் பிணைப்பும்: தோட்டத்துச் சொற்களின் வேதியியல் வரலாறு

பேரா மாநிலத்தின் தென் எல்லையில், பெர்ணம் ஆற்றங்கரையில் அமைந்தது நாம் இன்று கூடியிருக்கும் தஞ்சோங் மாலிம். ஆற்றைக் கடந்தால் சிலாங்கூர். இவ்வூரில் 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சுல்தான் இத்ரிசு பயிற்சிக் கல்லூரி திறக்கப்பெற்றது. 1924இல் அக்கல்லூரியிலேயே மலாய் மொழிபெயர்ப்புப் பணியகம் நிறுவப்பெற்றது. ‘ஸாபா’ என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் ஸைனால் அபிடின் பின் அகமது அங்கிருந்து மலாய்ப் பாடநூல்களை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். மலாய்மொழி புதிய அறிவைத் தன் சொல்லால் சொல்லப் பழகிய இடங்களுள் இவ்வூர் முதன்மையானது. அக்கல்லூரியே 1997இல் சுல்தான் இத்ரிசு கல்வியியல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

கல்லூரி திறக்கப்பெற்ற அதே 1922இல், சூரிக்கு நகரில் எர்மன் சுடவுடிங்கர் என்னும் வேதியியல் அறிஞர் இரப்பரை ஆராய்ந்துகொண்டிருந்தார். இரப்பர் என்பது சிறு மூலக்கூறுகள் தளர்வாகக் கூடிய குவியல் என்றே அக்காலத்து அறிஞர் பலர் கருதினர். அது வலிய வேதிப் பிணைப்புகளால் தொடர்ந்து கட்டப்பட்ட நெடுஞ்சங்கிலி என்று சுடவுடிங்கர் வாதிட்டார். அத்தகைய பொருளைப் ‘பெருமூலக்கூறு’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார். பலர் அதனை ஏற்க மறுத்தனர். முப்பத்தோர் ஆண்டுகள் கழிந்து, 1953இல், அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் இரண்டுக்கும் நடுவே ஒரு மக்கள் கூட்டம் நின்றது. தஞ்சோங் மாலிமைச் சூழ்ந்த பால்மரக் காடுகளில், சுடவுடிங்கர் ஆராய்ந்த அதே பொருளை நாள்தோறும் கையாண்டவர் தமிழர். அப்பொருளின் இயல்பையும் மாற்றங்களையும் குறிக்க அவர்களிடம் சொற்கள் இருந்தன. ஆய்வுக்கூடமும் அச்சொற்களைக் கேட்கவில்லை. ஊருக்குள் இருந்த மொழிபெயர்ப்புப் பணியகத்துக்கு அவை தேவைப்படவில்லை. கடல்கடந்து கலைச்சொல் ஆக்கிய தமிழ்க் குழுக்களின் செவிக்கும் அவை எட்டவில்லை. கேட்கப்படாத அச்சொற்களின் வரலாறே இப்பொழிவின் பொருள்.

விடியலை விதித்தது நீர்

1877இல் இருபத்திரண்டு இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. அவற்றுள் ஒன்பது, பேராவின் கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அம்மரம் இம்மாநிலத்தின் நிலத்தோற்றத்தையே மாற்றியது. தமிழர் அதற்கு இட்ட பெயர் பால்மரம். அதைச் சீவும் தொழில் பால்வெட்டு. மரத்தில் உறைந்து கிடப்பது ஒட்டுப்பால். மங்கில் தானே இறுகியது கட்டிப்பால். ‘இலேடெக்சு’ என்னும் இலத்தீன் வழிச் சொல்லை எவரும் தேடவில்லை. வெண்மையாய் வடிவது பால். எனவே வேண்டிய சொற்கள் அனைத்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் அடுக்களையிலிருந்தும் எடுத்துக்கொள்ளப்பட்டன.

இப்பெயரீடு அறியாமையின் விளைவு என்று கருதுவோர் உளர். வேதியியல் வேறு தீர்ப்பை அளிக்கிறது. ஆவின் பாலும் மரத்தின் பாலும் ஒரே வகை அமைப்பு உடையவை. இரண்டிலும் பெரும்பகுதி நீர். இரண்டிலும் நீரில் கரையாத நுண்துகள்கள் மிதக்கின்றன. அத்தகைய கலவையைக் கூழ்மம் என்கிறோம். மரப்பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரப்பர். எஞ்சியதில் மிகுதி நீரே. ஆகவே தோட்டத்துத் தமிழர் வெண்ணிறத்தைக் கண்டு இட்ட பெயர், உள்ளமைப்பு நோக்கியும் பொருந்துகிறது.

பால்வெட்டு ஏன் இருள் பிரியுமுன் தொடங்கிற்று? பெரட்டு எனப்பட்ட வைகறை அணிவகுப்பைத் தோட்ட ஆட்சியின் கெடுபிடியாக மட்டுமே நாம் நினைவுகூர்கிறோம். கெடுபிடி இருந்தது உண்மையே. அதற்கு அடியில் நீரின் வேதியியலும் இருந்தது. அதனைச் சற்று விளக்குவோம்.

நீரின் ஒரு மூலக்கூறில் ஓர் உயிர்வளி அணுவும் இரண்டு நீரக அணுக்களும் உள்ளன. அணுக்கள் மின்னணுக்களைப் பங்கிட்டுக்கொள்வதால் அவை இணைந்து நிற்கின்றன. ஆனால் அப்பங்கீடு சமமானதன்று. உயிர்வளி தன்பால் மிகுதியாக இழுத்துக்கொள்கிறது. அதனால் அப்பக்கம் சிறிது எதிர்மின் தன்மையும் நீரகப் பக்கம் சிறிது நேர்மின் தன்மையும் பெறுகின்றன. மூலக்கூறு நேர்கோடாக இராமல் ஏறத்தாழ 104.5 பாகைக் கோணத்தில் வளைந்திருப்பதால் இவ்வேறுபாடு நிலைக்கிறது. ஒரு மூலக்கூறின் நீரகம் அடுத்த மூலக்கூறின் உயிர்வளியை ஈர்க்கிறது. இவ்வீர்ப்பே நீரகப் பிணைப்பு. மூலக்கூறுக்குள் உள்ள பிணைப்பின் வலிமையில் இது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே. கணந்தோறும் அறுந்து, கணந்தோறும் மீண்டும் இணையும். தனித்துப் பார்த்தால் மெலிந்தது. திரண்டு நின்றால், உயர்ந்த மரத்தின் உச்சி இலைவரை நீரை அறுந்துபோகாத இழையாக ஏறச் செய்வது.

பகலில் இலைகளிலிருந்து நீர் ஆவியாகிறது. அப்போது மரத்துக்குள் உள்ள நீர் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. பட்டையிலுள்ள பால்குழாய்களும் நீரை இழந்து தளர்கின்றன. இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் பால்குழாய்கள் நீரை ஏற்று விம்முகின்றன. விடியலில் அவற்றின் உள்ளழுத்தம் பத்து வளிமண்டல அழுத்தத்தை ஒட்டியோ மிஞ்சியோ இருக்கும். மகிழுந்துச் சக்கரத்தின் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ நான்கைந்து மடங்கு. அந்நேரம் உளி பட்டால் பால் பீறிட்டு நெடுநேரம் வடியும். வெயில் ஏறியபின் சீவினால் வடிவது குறையும். மழையில் பட்டை நனைந்தாலோ பால் வெட்டுவாயை விட்டு வழிந்து வீணாகும். கங்காணியின் குரலுக்கும் கிராணியின் ஏட்டுக்கும் முன்னதாகவே, தொழிலாளியின் நாளை நீர் அளந்து வைத்திருந்தது.

உறைதலும் திரிதலும்

பல்லாண்டுகளுக்கு முன், தோட்டத்துப் பேச்சுவழக்கைத் தொகுக்கும் பொருட்டு, பால்வெட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டியாரிடம் நாம் சொற்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அமிலம் ஊற்றியதும் பால் கட்டியாவதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு, நூலில் படித்த நினைவால், “பால் திரிந்தது என்பீர்களா?” என்று நாமே விடையையும் எடுத்துக்கொடுத்தோம். களப்பணியில் செய்யத் தகாத பிழை அது. அவர் சிரித்தார்.

“திரியிறது வேற, உறையிறது வேற தம்பி. கொட்டாய்க்கு வர்றதுக்கு முந்தியே வாளியில கெட்டுப்போனா திரிஞ்சு போச்சும்போம். திராவகம் ஊத்தி நாம கட்டியாக்கினா அது உறையிறது. திரிஞ்சா நஷ்டம். உறைஞ்சாத்தானே காசு?”

அவ்விடையைக் குறிப்பேட்டில் எழுதியபோது, அதன் முழுப் பொருளும் நமக்கு விளங்கவில்லை. பின்னர் வேதியியல் நூல்களோடு ஒப்பிட்டபோதே விளங்கிற்று.

மரப்பாலில் மிதக்கும் இரப்பர்த் துகள் ஒவ்வொன்றையும் புரதமும் கொழுப்புச் சேர்மமும் கலந்த மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. அவ்வுறை எதிர்மின் தன்மை உடையது. ஒத்த மின்தன்மைகள் ஒன்றையொன்று விலக்கும். அதனால் துகள்கள் ஒட்டாமல் நீரில் மிதக்கின்றன. அமிலம் சேர்ந்தால் அதிலிருந்து பிரியும் நேர்மின் தன்மையுள்ள நீரக அயனிகள் துகள்களின் மின்தன்மையைத் தணிக்கின்றன. விலக்கம் நீங்கியதும் துகள்கள் நெருங்கி ஒட்டுகின்றன. பால் கட்டியாகிறது. அசிட்டிக் அமிலத்தால் இதனைச் சீராகச் செய்யலாம் என்பதை 1890களின் இறுதியில் இலங்கையில் சான் பார்க்கின் காட்டினார். பின்னர்ப் பார்மிக் அமிலம் பெருவழக்காயிற்று.

அமிலம் ஊற்றாமலும் இம்மாற்றம் நிகழும். வாளியிலும் மங்கிலும் உள்ள நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சருக்கரைப் பொருள்களை உண்டு அமிலங்களை உண்டாக்கும். அப்போது பால் வேளைக்கு முன்பே, ஒழுங்கின்றிக் கட்டிபடும். அடிப்படை மாற்றம் ஒன்றே. காரணமும் பயனும் வேறு. தமிழ்நாட்டு வேதியியல் நூல்களில் கூழ்மம் கட்டிபடுவதற்குத் ‘திரிதல்’ என்னும் சொல் வழங்கக் காண்கிறோம். நூலுக்கு ஒரு சொல் இருக்க, அம்மூதாட்டியாரிடம் இரண்டு இருந்தன. தன்போக்கில் கெடுவதையும் நாம் வேண்டிச் செய்வதையும் அவர் மொழி பிரித்தறிந்தது. தயிருக்கு உறையூற்றுவதையும் பால் திரிந்து கெடுவதையும் வேறாகக் கண்ட அடுக்களை அறிவு, கடல் கடந்து வந்து, ஒரு புதிய தொழிலின் கலைச்சொல்லாக உயர்ந்திருந்தது.

அமிலத்தின் பெயருக்கும் இத்தகைய வரலாறு உண்டு. மலாய் மக்கள் பார்மிக் அமிலத்தைச் ‘சுக்கா கெத்தா’ என்பர். சுக்கா காடி, கெத்தா மரப்பால். தமிழிலும் காடி என்னும் பழஞ்சொல் புளித்த நீரைக் குறித்து, அமிலத்துக்கும் வழங்கியதுண்டு. பார்மிக் என்னும் பெயரோ எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1671இல் சான் ரே என்னும் ஆங்கிலேயர் எறும்புகளிலிருந்து அதனைப் பிரித்தறிந்தார். மரத்தில் கூடு கட்டும் முசுறு கடித்த எரிச்சலை அறியாத பால்வெட்டுத் தொழிலாளி இரார். கையில் எரிந்ததும் பாலை உறைய வைத்ததும் ஒரே பொருள் என்று அவருக்குத் தமிழில் சொல்லியிருந்தால், ஒரு நொடியில் விளங்கியிருக்கும். அதைச் சொல்ல எவரும் அங்கு இல்லை.

மானிப்பாயும் சேலமும்

சொல்ல வேண்டியவர் எங்கே இருந்தனர்? தமிழில் வேதியியல் எழுதும் முயற்சி மலாயாவில் பால்மரம் வேரூன்றும் முன்னரே தொடங்கிவிட்டது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் கற்பித்தலைத் தமிழுக்கே மாற்றினார். அவரும் அவர்தம் மாணாக்கரும் ஆக்கிய நூல்களுள் ஒன்று 1875இல் வெளிவந்த ‘கெமிஸ்தம்’. ஆங்கிலப் பெயரை எடுத்து, தமிழ் ஈறு கொடுத்து அமைத்த தலைப்பு அது. அப்பெயர் நிலைக்கவில்லை. வடமொழி வழி வந்த இரசாயனம் அதனை வென்றது. பின்னர்த் தமிழகத்தில், ஒன்றை மற்றொன்றாக மாற்றுதலைக் குறிக்கும் வேதித்தல் என்னும் சொல்லடியாக வேதியியல் வழக்கிற்கு வந்தது. மலாய்மொழியின் ‘கிமியா’ அரபு வழி வந்தது. ஆங்கிலப் பெயருக்கும் அவ்வரபுச் சொல்லே மூலம். ஆதலால் கெமிஸ்தமும் கிமியாவும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். மானிப்பாயின் சொல்லும் தஞ்சோங் மாலிமின் சொல்லும் உறவினர் என்பதை இருவரும் அறிந்திலர்.

1916இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் தொடங்கினர். பின்னாளில் இராசாசி வேதியியலை எளிமையாக விளக்கி எழுதிய நூலுக்குத் ‘திண்ணை இரசாயனம்’ என்று பெயரிட்டார். அறிவியல் திண்ணைக்கு வரவேண்டும் என்னும் நோக்கம் அப்பெயரிலேயே உள்ளது. வடசொல்லா, தனித்தமிழா, ஆங்கில ஒலிபெயர்ப்பா என்னும் வழக்கு அதன்பின் பல குழுக்களில் பல்லாண்டுகள் நடந்தது. அவ்வழக்கில் அறிஞர் உழைப்பு மிகுதி. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வழக்காடிய மூன்று தரப்பினரும் சொல்லைத் தேடிய இடம் நூலகமே. மூலக்கூறுகளை நாள்தோறும் உறையவைத்த கைகளுக்கு உரியவர் அவ்வழக்கில் சான்று சொல்ல அழைக்கப்பெறவில்லை.

யாழ்ப்பாணத் தமிழர் மலாயாவில் இருந்தனர். இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் தோட்டத்து எழுத்தர் பணியிலும் இருந்தனர். தமிழகத்திலிருந்து கங்காணி முறையில் வந்தோர் காட்டில் இருந்தனர். கலைச்சொல் மரபு உடையோரும் தொழிற்சொல் மரபு உடையோரும் ஒரே தோட்டத்தில், ஒரு சாலையின் இரு பக்கங்களில் வாழ்ந்தனர். இரண்டு மரபுகளும் ஒரு நூலில் சந்திக்கவில்லை. இதுவே நம் வரலாற்றின் இழப்பு.

பிணைப்பு என்னும் சொல்

சந்திப்புக்கு இடமே இல்லை என்று கருதவேண்டா. கலைச்சொற்களுள் சில, அறிஞர் கையால் ஆக்கப்பெற்றும் உழவர் மணம் மாறாதவை. பிணைப்பு அவற்றுள் ஒன்று. போரடிக்கும் களத்தில் மாடுகளை வரிசையாகச் சேர்த்துக் கட்டுவது பிணையல். கடன்பட்டவனுக்காகத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது பிணை. கை கோத்தாடுவது பிணைந்தாடல். இரண்டு தனிப்பொருள்கள் தம் தனிமையை விட்டு ஒன்றற்கொன்று கட்டுப்படுவது என்னும் கருத்து இவை அனைத்திலும் உண்டு. வேதிப் பிணைப்பும் அதுவே. மின்னணுவைப் பங்கிட்டு அணுக்கள் கட்டுண்பதைத் தமிழகத்தார் சகப்பிணைப்பு என்றனர். இலங்கையார் பங்கீட்டு வலுப்பிணைப்பு என்றனர். மலாயில் அது ‘ஈக்காத்தான் கொவாலென்’. ஈக்காட் என்றால் கட்டு. மூன்று இடத்தாரும் ஒரே உருவகத்தை அடைந்துள்ளனர்.

இப்பிணைப்பைக்கொண்டே பால்மரத்தின் கதையை முழுமையாகச் சொல்லலாம். 1826இல் மைக்கேல் பரடே, இரப்பரில் ஐந்து கரி அணுவுக்கு எட்டு நீரக அணு என்னும் விகிதம் இருப்பதைக் கண்டார். 1860இல் கிரேவில் வில்லியம்சு இரப்பரைச் சூடாக்கி வடித்து, அதன் அடிப்படை அலகாகிய ஐசோப்பிரீனைப் பிரித்தார். ஆயிரக்கணக்கான அவ்வலகுகள் சகப்பிணைப்பால் தொடர்ந்த சங்கிலியே இரப்பர். மரம் இச்சங்கிலியை உயிரணுவுக்குள், நீர் நடுவே பின்னுகிறது. பிணைப்புகள் வலியவை, அதனால் சங்கிலி எளிதில் அறுவதில்லை. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே கட்டு இல்லை. அதனால் பச்சை இரப்பர் வெப்பத்தில் இளகிக் குளிரில் விறைக்கிறது. 1839இல் சார்லசு குட்டியர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அக்குறையைத் தீர்த்தார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குக் கட்டுகளாக அமைந்தன. இழுத்தால் நீளவும் விட்டால் மீளவும் வல்ல பொருள் அவ்வாறு உண்டாயிற்று.

தோட்டத்துச் சொல் எதனையும் தீர்த்துவைக்கும் என்று நாம் கூறவில்லை. உறைதல் என்னும் ஒரே சொல், நீர் பனிக்கட்டியாவதையும் பால் தயிராவதையும் மரப்பால் கட்டியாவதையும் குறிக்கிறது. முதலாவதில் நீரகப் பிணைப்புகள் ஒழுங்கான அமைப்பில் நிலைகொள்கின்றன. அவ்வமைப்பு இடைவெளி மிக்கதாதலின் பனிக்கட்டி நீரில் மிதக்கிறது. இரண்டாவதில் பாற்புரதம் திரள்கிறது. மூன்றாவதில் இரப்பர்த் துகள்கள் ஒட்டுகின்றன. இவற்றை வேறுபடுத்தக் கலைச்சொல் வேண்டும். தெரிந்த சொல்லில் தொடங்கி, அதன் எல்லையைக் காட்டி, புதிய சொல்லுக்கு மாணாக்கரை அழைத்துச் செல்வதே கற்பித்தலின் நெறி. தொடக்கமே இன்றி முடிவை மட்டும் மனனம் செய்விப்பது அந்நெறியன்று.

இன்றைய கடன்

இந்நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பெற்றன. 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பெற்றது. படிப்படியாக அறிவியல் தமிழுக்கு மீண்டது. இன்று நம் பிள்ளைகள் உயிர்வளி, கரிவளி என்று இனிதே எழுதுகின்றனர். ஆனால் ஆறாம் ஆண்டுக்குப்பின் அவர்தம் அறிவியல் வேறு மொழிக்குச் சென்றுவிடுகிறது. வேதிப் பிணைப்பு என்னும் பாடத்தை அவர்கள் சந்திப்பது இடைநிலைப் பள்ளியில். அங்கே அதற்குப் பெயர் ஈக்காத்தான், அல்லது ‘பாண்டு’. பிணைப்பு என்னும் சொல்லை ஒருமுறையும் கேளாமலேயே வேதியியல் பட்டம் பெறும் தமிழர் நம்மிடையே உளர். அவர்களிடம் குறைகாண்பதற்கில்லை, சொல்லைக் கையில் கொடுக்காத நாமே அதற்குப் பொறுப்பு.

மறுபுறம், அச்சொற்களைத் தாங்கியிருந்த தோட்டங்களும் அருகிவிட்டன. பால்மரம் நின்ற நிலங்களில் செம்பனையும் குடியிருப்பும் தொழிற்சாலையும் எழுந்துள்ளன. இவ்வூரை அடுத்து மகிழுந்துத் தொழில்நகரமே உருவாகியுள்ளது. உளி பிடித்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. நாம் சொற்கேட்ட மூதாட்டியார் இன்று இல்லை. அவர் போன்றோரிடம் கேட்டு எழுதாத சொற்கள் எத்தனை என்று கணக்கிட வழியில்லை.

ஆதலின் இவ்வவையின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, எஞ்சியிருக்கும் முதியோரிடம் தோட்டத்துத் தொழிற்சொற்களைக் கேட்டு, எந்தத் தோட்டம், எந்தப் பணி, எந்தப் பொருள் என்னும் விவரத்துடன் தொகுக்கவேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கும் காலம் இன்னும் முற்றும் கடந்துவிடவில்லை. மற்றொன்று, இவ்வூரிலே பயிலும் வருங்காலத் தமிழாசிரியர் அச்சொற்களைக் கலைச்சொற்களோடு இணைத்துப் பாடம் அமைக்கவேண்டும். உறைமோரையும் உறைந்த பாலையும் அருகருகே வைத்து, அமிலம் எவ்வாறு துகள்களின் விலக்கத்தைத் தீர்க்கிறது என்று காட்டலாம். களத்துப் பிணையலைச் சொல்லி, அணுக்களின் பிணைப்புக்குப் போகலாம். தாத்தா வைகறையில் எழுந்ததற்கு இலையில் ஆவியான நீரே காரணம் என்று கற்ற பிள்ளை, நீரையும் மறவான், தாத்தாவையும் மறவான்.

மலாய்மொழிக்குச் சொல் ஆக்க இவ்வூரில் ஒரு பணியகம் 1924இல் எழுந்தது. அதன் பயனை அம்மொழி இன்றளவும் துய்க்கிறது. அதே காலத்தில் அதே ஊரைச் சுற்றிய காடுகளில் தமிழ்ச் சொற்கள் தாமே தோன்றி, எழுதுவார் இன்றி உலவின. நூறாண்டு தாழ்த்தோம். இன்னும் சில ஆண்டுகள் தாழ்ப்போமாயின், எழுத விரும்பினும் சொல்லித்தர எவரும் இரார். மரத்திலிருந்து வடிந்த பாலை வேளை தவறாமல் உறைய வைத்தவர் நம் முன்னோர். அவர்தம் சொற்கள் திரிந்து போகுமுன் அவற்றைத் தொகுத்து எழுதிவைப்பது நம் கடன்.